கோபமில்லாத முகம்

செல்வராணி மலேசியாவின் ஜொகூர் பாரு நகரில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை செய்தாள். வயது நாற்பத்தெட்டு. இரண்டு புருவங்களுக்கும் நடுவே ஆழமான இரண்டு கோடுகள். அவள் சிரிக்கும்போதுகூட அவை போவதில்லை.

ஒருநாள் மேற்பார்வையாளர் யூஜின் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கௌண்டர்ல இருக்கிறவங்க ஏன் எப்பவும் கோவமா இருக்காங்கன்னு கெஸ்ட் கேக்குறாங்க லா."

"நான் யார்மேலயும் கோவப்படலையே யூஜின்."

"தெரியும்கா. ஆனா முகம் அப்படி இருக்கு."

கோபம் இல்லை, களைப்புதான். கணவர் கமலநாதனுக்குச் சிறுநீரகம் செயலிழந்து நான்கு வருடமாகிறது. வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்பு மையத்துக்கு அவள்தான் காரில் கூட்டிப்போவாள். பாதி நாள் அங்கே, மீதி நாள் ஹோட்டலில். தம்போய் வட்டாரத்திலிருந்த வீட்டுக்குத் திரும்பினால் சமையலும் துணியும் காத்திருக்கும்.

யூஜின் சொன்னது மனதில் குத்திக்கொண்டே இருந்தது. விடுப்பு நாளில் அவள் டாக்டர் பிரவீனாவின் தோல் மருத்துவக் கிளினிக்குக்குப் போனாள்.

"நல்லா முறைங்க பார்ப்போம்," என்றாள் டாக்டர். செல்வராணி முறைத்தாள். "இந்த ரெண்டு தசையும்தான் இழுக்குது. சுருங்கச் சொல்லி நரம்பு அனுப்புற செய்தியை நான் ஊசியில போடுற மருந்து தடுத்திடும். தசை தளர்ந்தா மேல இருக்கிற தோல் மடியாது. கோடு மங்கும். ரொம்ப ஆழமானது முழுசாப் போகாது."

"உடனே தெரியுமா டாக்டர்?"

"கொஞ்சம் கொஞ்சமாத் தெரியும், ரெண்டு வாரம் ஆகும். மூணு நாலு மாசத்துல தசை பழையபடி வேலை செய்ய ஆரம்பிச்சிடும். இன்னிக்கு மட்டும் அந்த இடத்தைத் தேய்க்காதீங்க, கொஞ்ச நேரம் படுக்காதீங்க."

"படுக்க எங்க டாக்டர் நேரம்?"

மெல்லிய ஊசி. எறும்பு கடித்ததுபோல் சில இடங்களில் சுருக்கென்றது, அவ்வளவுதான்.

இரண்டு வாரத்தில் நெற்றி தெளிந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தபோது அவளுக்கே சந்தோஷமாக இருந்தது. ஹோட்டலுக்கு வருகிறவர்கள் நின்று பேசிவிட்டுப் போனார்கள். "ரெஸ்ட் எடுத்தீங்க போல, ஃப்ரெஷ்ஷா இருக்கீங்க," என்று சொன்ன யூஜின், ஆள் குறைந்த நாட்களில் அவளையே கூடுதல் நேரம் நிற்கச் சொன்னான். மறுக்க அவளுக்கு வாய் வரவில்லை.

வீட்டிலும் அப்படித்தான் ஆயிற்று. முன்பெல்லாம் கமலநாதன் அவள் முகத்தைப் பார்த்ததுமே, "போய்ப் படு, சோறு நான் போட்டுக்கிறேன்," என்பார். இப்போது, "முகம் தெளிவா இருக்கே, நல்லா தூங்கினியா?" என்றவர், வெந்நீர் கேட்டார், காலைப் பிடித்துவிடச் சொன்னார். அவள் செய்தாள்.

ஒரு சனிக்கிழமை மையத்திலிருந்து திரும்பும் வழியில் சிவப்பு விளக்குக்காகக் காரை நிறுத்தியவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின.

"ராணி! ராணி!" கமலநாதன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

திடுக்கிட்டு விழித்தவள், அடுத்திருந்த பெட்ரோல் நிலையத்துக்குள் காரை ஓட்டி ஓரமாக நிறுத்தினாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. நெற்றியில் ஒரு சுளிப்பும் இல்லை.

"உடம்புக்கு என்ன ராணி?"

"முடியலைங்க. ரொம்பக் களைப்பா இருக்கு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"இதுவரைக்கும் சொன்னதே இல்லையே. நீங்களாத்தான் என் முகத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்குவீங்க."

மையத்தில் ஊசி குத்திய தன் கையில் சுற்றியிருந்த கட்டுத்துணியையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்துப் பக்கத்து வீட்டு ஐயாசாமியை அழைத்தார். நான்கு வருடத்தில் அவர் யாரிடமும் உதவி கேட்டதில்லை.

"சனிக்கிழமையில என்னை மையத்துக்குக் கொஞ்சம் கூட்டிப்போய் விட முடியுமா ஐயா?"

"இதைக் கேக்க இவ்வளவு நாளா?" என்றார் ஐயாசாமி.

திங்கட்கிழமை யூஜின் கூடுதல் நேரம் கேட்டபோது, "களைப்பா இருக்கு, முடியாது," என்றாள் செல்வராணி. அவன் அவள் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, "ஓகேகா," என்று போய்விட்டான்.

நான்கு மாதத்தில் கோடுகள் மெல்லத் திரும்பின. அவள் போய் மறுபடியும் ஊசி போட்டுக்கொண்டாள். அந்த நெற்றி அவளுக்குப் பிடித்திருந்தது. வேலை குறைந்துவிடவில்லை. சனிக்கிழமை காலையில் மட்டும், ஐயாசாமியின் கார் கிளம்பிய பிறகு, கதவைச் சாத்திவிட்டுத் தூங்கினாள்.