தோட்டத்தைக் கடந்துபோன மாதா

சனிக்கிழமை காலை புளோறன்ஸ் குசினி வாசலில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, பித்தளை மெழுகுதிரிக்கால்கள் இரண்டையும் பழப்புளியும் உப்பும் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு வழிந்து பித்தளை முகம் காட்டியது. மற்ற வருடங்களில் இந்த வேலையைப் பாட்டோடு செய்வாள். இன்றைக்கு வாய் திறக்கவில்லை. முன்னறையில் மகன் றொஹான் இருந்தான்.

அவர்களுடைய தோட்டம் கொட்டாஞ்சேனையில், பெரிய வீதியிலிருந்து ஒரு முடுக்கால் உள்ளே போனால் வருவது. தோட்டம் என்றால் மரம் செடி கிடையாது. ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள், நடுவில் எல்லாருக்கும் பொதுவான பைப்படி, அவ்வளவுதான். அங்குள்ள கத்தோலிக்க வீடுகளுக்கென்று கோயிலில் ஒரு மாதா சுரூபம் கொடுத்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு முழ உயரம். ஒரு வீட்டில் ஒரு கிழமை தங்கும். சனிக்கிழமை பொழுதுபட, அடுத்த வீட்டுக்குப் பாட்டோடு தூக்கிப்போவார்கள். சுற்றி முடிய ஏறக்குறைய ஒரு வருடமாகும். மாதா வரும் வீட்டில் சுவருக்குப் பூச்சு, தட்டுக்கு வெள்ளைத்துணி, செபமாலை முடிந்தபின் வந்தவர்களுக்குப் பால் விடாத பிளேன்ரீயும் அவித்த கடலையும்.

இன்று பொழுதுபட மாதா வரவேண்டியது புளோறன்ஸின் வீட்டுக்கு.

"என்னம்மா, இதை ஏன் இப்ப தேய்க்கிறீங்க?" றொஹான் பின்னால் வந்து நின்றான்.

"கறுத்துப்போச்சு, தேய்க்கிறன். பித்தளையும் பாவமா இப்ப?"

"அம்மா, இது வியாழக்கிழமையே கதைச்சு முடிச்ச விசயம்."

"நீ கதைச்சாய். நான் கேட்டுக்கொண்டிருந்தனான்."

அவன் சண்டைக்கு வரவில்லை. அவனுடைய அப்பா பேர்னாட் உயிரோடு இருந்திருந்தால் இந்த இடத்தில் ஒரு கோப்பையாவது உடைத்திருப்பார். ஹாபரில், கப்பல் வேலையில், முப்பது வருடம் கத்திக் கத்தி வேலை வாங்கிய மனுசன், வீட்டிலும் அதே குரல்தான். மகன் குரலை உயர்த்தாதவன். அதுதான் அவளுக்குப் பயம்.

"டெரிக் அங்கிளிட்ட நீங்க சொல்லுறீங்களா, நான் போய்ச் சொல்லட்டா?"

"என்னெண்டு சொல்லுவாய்?"

"உள்ளதைச் சொல்லுவன். நாங்க இப்ப சுரூபம் வைக்கிறேல்ல எண்டு."

புளோறன்ஸ் மெழுகுதிரிக்காலைத் தண்ணீரில் முக்கினாள்.

"டிலக்ஷிக்கு இதால மனம் குழம்பக்கூடாதம்மா. சரிவராட்டி நாங்க மட்டக்குளியில ஒரு அறை பார்த்துப் போறம். கோவத்தில சொல்லேல்ல."

கோபத்தில் சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

டிலக்ஷி புளோறன்ஸின் மருமகள். மட்டக்குளிக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு தரம் வயிற்றில் தங்கியது, இரண்டு தரமும் போய்விட்டது. இரண்டாம் தரம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கிழமை தோட்டத்துப் பெண்கள் வந்தார்கள். 'எல்லாம் ஆண்டவர்ட சித்தம்' என்றார்கள், கேக் துண்டு சாப்பிட்டார்கள், போனார்கள். புளோறன்ஸும் அதையேதான் சொன்னாள். பிறகொரு நாள் டிலக்ஷியின் பழைய சிநேகிதி ஒருத்தி அவளை மட்டக்குளியில் ஒரு ஹாட்வெயார் கடை மாடியில் கூடுகிற சபைக்குக் கூட்டிப்போனாள். அங்கே முன்பின் தெரியாத பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்களாம். 'என்னோட சேர்ந்து அழுதாங்க, மாமி' என்று வந்து சொன்னபோது புளோறன்ஸ் உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. அந்த நேரம் நிமிர்ந்திருக்கலாம் என்று இப்போது சில வேளை நினைப்பதுண்டு.

பிறகு றொஹானும் போகத் தொடங்கினான். முன்னறைத் திருஇருதயப் படம் ஒருநாள் புளோறன்ஸின் அறைக்கு இடம் மாறியது. கோயில் வட்ஸ்அப் குழுவிலிருந்து றொஹான் வெளியேறியதை எல்லாருடைய ஃபோனும் அறிவித்தபோது, தோட்டம் முதல்தரம் வாயில் கைவைத்தது. இப்போது டிலக்ஷிக்கு மூன்றாம் தரம். ஐந்தாம் மாதம். டொக்டர் கட்டிலை விட்டு அதிகம் எழும்பக்கூடாது என்றிருந்தார். சபையில் வீட்டில் சுரூபம் இருக்கக்கூடாது என்றிருந்தார்கள். அவள் இரண்டையும் ஒரே பயத்தோடு பிடித்துக்கொண்டிருந்தாள்.

பேரப்பிள்ளை இந்த வீட்டில் பிறக்குமா, மட்டக்குளியில் யாரோ ஒருவருடைய வாடகை அறையிலா? புளோறன்ஸின் கையிலிருந்த கேள்வி அது ஒன்றுதான்.

"நானே சொல்லுறன்," என்றாள்.

அந்தக் கிழமை மாதா இருந்தது டெரிக்கின் வீட்டில். தோட்டத்துக் காரியங்களுக்கெல்லாம் கோயில் வைத்திருந்த பொறுப்பாளர் அவர்தான். புளோறன்ஸ் போனபோது சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு மாதாவின் கண்ணாடியைப் பழைய பேப்பரால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அக்கா. மாதாவுக்கு முகம் கழுவிவிடுறன். உங்கட வீட்டுக்குப் போறதெண்டா அவவுக்கும் கொஞ்சம் பயம்தானே, பிரார்த்தனையில ஒரு சொல்லு விட்டாலும் நீங்க விடமாட்டீங்கள்."

சனிக்கிழமைகளில் பிரார்த்தனை சொல்லிக்கொடுப்பது புளோறன்ஸ். மாதாவின் பட்டங்கள் ஒன்றின்பின் ஒன்றாக, புத்தகம் பாராமல், அவளுக்கு வரும். கொன்வென்ற் பள்ளிக்கூடத்துக் கன்டீனில் சோறு போட்டுக்கொண்டே பாடமாக்கியது. தோட்டத்தில் அவளுக்கென்று இருந்த இடம் அது.

"டெரிக், இந்தமுறை எங்கட வீட்டுக்கு..." என்று தொடங்கினாள்.

வரும் வழியில் ஒழுங்குபடுத்திய வசனம் இருந்தது. மகனும் மருமகளும் இப்ப வேற இடத்தில செபிக்கினம், நீங்க குறை நினைக்காதையுங்கோ. ஆனால் டெரிக்கின் மனைவி குசினிக் கதவில் கையைத் துடைத்தபடி வந்து நின்றதும், அந்த வசனம் நாளைக்கு எத்தனை வாயில் எப்படி எப்படி ஓடும் என்பது கண்முன் வந்தது.

"வீட்டில கொப்புளிப்பான், அம்மை போட்டிருக்கு," என்றாள்.

டெரிக் பேப்பரும் கையுமாக ஓரடி பின்னால் போனார்.

"ஆருக்கு?"

தனக்கென்று சொல்ல முடியாது. முகத்தில் ஒரு பருவும் இல்லாமல் பட்டப்பகலில் அவர்கள் முன்னால் நின்றாள். றொஹான் காலையில் பைப்படியில் குளித்ததைத் தோட்டமே பார்த்தது. கிழமைக்கணக்காக யாரும் பார்க்காத ஆள் வீட்டில் ஒருத்திதான்.

"டிலக்ஷிக்கு."

"வயித்துப் பிள்ளையோடயா?" என்றாள் டெரிக்கின் மனைவி. அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் புளோறன்ஸுக்குத் தான் எதைச் சொன்னாள் என்பது விளங்கியது. திருப்பி எடுக்க வாய் வரவில்லை.

"நீங்களும் வெளிய திரியாதையுங்கோ அக்கா," டெரிக் ஃபோனை எடுத்துக்கொண்டே சொன்னார். "நாளைக்குப் பூசைக்கும் வரவேண்டாம். நான் எல்லாருக்கும் சொல்லிவிடுறன். நீங்க ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ."

பொழுதுபட மாதா வந்தது. பாட்டு முடுக்குப் பக்கமிருந்து நெருங்கி, புளோறன்ஸின் வாசலுக்கு வந்ததும் தணிந்து, நின்றது. கதவிடுக்கால் மெழுகுதிரி வெளிச்சம் தெரிந்தது. பெட்டியை வீட்டுப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். நோயாளி இருக்கும் வீட்டு வாசலில் அப்படித்தான் செய்வார்கள்.

"ஏன் நிக்கிறாங்க?" என்றான் றொஹான்.

"ஒரு மரியாதைக்கு."

பாட்டு நகர்ந்து, இரண்டு வீடு தள்ளிப் போய் நின்றது. கொஞ்சத்தால் பிரார்த்தனை கேட்டது. யாரோ ஒரு பெண் புத்தகத்தைப் பார்த்துத் தட்டுத்தடுமாறி வாசித்தாள். ஒரு பட்டத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். விடுபட்டதைப் புளோறன்ஸின் உதடு சொல்லிக்கொண்டது. றொஹான் அதைப் பார்த்தான். கதவிடுக்கால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க உள்ளதைச் சொன்னதாலதான் அவங்களும் விளங்கிக்கொண்டாங்க, பார்த்தீங்களா," என்றான் பிறகு.

டிலக்ஷி எழும்பக்கூடாது என்றிருந்தும் எழும்பிப்போய் ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து மாமியின் கையில் கொடுத்தாள்.

"உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும் எண்டு தெரியும், மாமி. இதை நான் மறக்கமாட்டன்."

புளோறன்ஸ் குடித்தாள். சீனி சரியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதுபோலவே வெளிக்கிட்டாள். முடுக்கைத் தாண்டியதும் வலப்பக்கம் திரும்பாமல் பஸ் எடுத்து வெள்ளவத்தைக்குப் போனாள். அங்குள்ள கோயிலில் தமிழ்ப் பூசைக்குக் கடைசி வாங்கில், தூணோரமாக உட்கார்ந்தாள். பாட்டெல்லாம் தெரிந்த பாட்டு, ஆனால் இவர்கள் வேகமாகப் பாடினார்கள். அவள் ஒவ்வொரு அடியிலும் பின்னால் நின்றாள். முதல் பாட்டு முடிய, பக்கத்திலிருந்த பெண் கைகூப்பிச் சிரித்தாள். யார் வீட்டுப் பெண்ணோ.

விசுவாசிகளின் மன்றாட்டில் நோயாளிகளுக்காகச் செபிப்போம் என்றார்கள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கொட்டாஞ்சேனையிலும் இதே நேரம் பூசை. அங்கே நோயாளிகளைப் பேர் சொல்லித்தான் மன்றாடுவார்கள். பேர் கொடுப்பது டெரிக்.

நற்கருணைக்கு வரிசை எழும்பியபோது அவள் எழும்பவில்லை. பக்கத்துப் பெண் போவதற்குக் காலை ஒடுக்கிக்கொடுத்தாள்.

திரும்பித் தோட்டத்துக்குள் வரும்போது பைப்படியில் ரபீக்கா வாளியோடு நின்றாள். எதிர்வீட்டு முஸ்லிம் பெண். புளோறன்ஸைக் கண்டதும் குழாயைப் பூட்டினாள்.

"எங்க அக்கா போன? உங்கட ஊட்டுக்கு ஃபாதரே வந்த."

"எப்ப?"

"இப்பதான். டெரிக் நானாவோட, ரெண்டு பேரும் மாஸ்க் எல்லாம் போட்டுக்கொண்டு. நானும் வேப்பிலை கொண்டு போய்க் குடுக்க நிண்டன். மருமகள்தான் கதவத் தொறந்த." ரபீக்கா குரலைத் தாழ்த்தினாள். "முகத்தில ஒண்டுமே இல்லையே அக்கா. நல்லாத்தானே ஈக்கிற அந்தப் புள்ள."

"என்ன சொன்னாள்?"

"அத அவக்கிட்டயே கேளுங்க. நான் வேப்பிலையக் குடுத்திட்டு வந்திட்டன். அடுத்தவங்கட கதை எனக்கெதுக்கு."

ஆனால் வாளி நிரம்பி வெகுநேரமாகியிருந்தது.

வீட்டில் றொஹான் இல்லை. சபை முடிந்து வருகிற நேரம்தான். டிலக்ஷி தன் அறையில், கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். மேசையில் ஒரு கட்டு வேப்பிலை. பக்கத்தில் டெரிக்கின் மனைவி அனுப்பிய செவ்விளநீர் இரண்டு, இன்னும் வெட்டாமல்.

புளோறன்ஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையில் போட்ட முக்காடு இன்னும் எடுக்கவில்லை.

"கோயில்ல மைக்கில என்ர பேரைச் சொல்லி மன்றாடினாங்களாம்," என்றாள் டிலக்ஷி. "ஃபாதர் சொன்னவர். எல்லாரும் முழங்காலில நிண்டாங்களாம். பிள்ளைக்கு ஒண்டும் ஆகக்கூடாதெண்டு."

"டிலக்ஷி..."

"நோயில்பூசுதல் எண்ணெய் கொண்டு வந்திருந்தவர், மாமி. சாகப்போற ஆளுக்குக் கொண்டு வாறதுபோல. கதவைத் திறந்ததும் என்ர முகத்தைப் பார்த்திட்டு ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கேல்ல."

"நீ என்ன சொன்னாய்?"

"வேர்க்குரு எண்டு சொன்னன். கழுத்தில போட்டிருந்தது, மாமி பயந்துபோய்க் கொப்புளிப்பான் எண்டு நினைச்சிட்டா, இப்ப வத்திப்போச்சு எண்டு." அவள் கையை மடியில் வைத்துப் பார்த்தாள். "பொய் சொல்லக்கூடாதெண்டு போன கிழமைதான் சபைக்கு ஃபோனில சாட்சி சொன்னனான்."

புளோறன்ஸ் உள்ளே வந்து கதிரையில் இருந்தாள். வெளியே யாரோ வாளியை நிலத்தில் வைக்கும் சத்தம்.

"டெரிக் அங்கிள் நம்பினமாதிரித் தெரியேல்ல. ஃபாதர் நம்பினார். தலையில கைவைச்சு ஆசீர்வதிச்சார். நான் தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டன்."

"எனக்கு வேற வழி தெரியேல்லப் பிள்ளை. உள்ளதைச் சொன்னா இந்தத் தோட்டம்..."

"தோட்டத்துக்கு என்னைக் குடுத்தீங்கள்." குரல் உயரவில்லை. றொஹானைப் போலவே கதைக்கப் பழகியிருந்தாள், அல்லது அவன் இவளிடமிருந்து பழகியிருந்தான். "ரெண்டு தரம் போனது, மாமி. ஒவ்வொரு நாளும் காலையில எழும்பி, அசையுதா எண்டு பார்த்திட்டுத்தான் மற்ற வேலை. உங்களுக்கு அது தெரியும். அதுக்குப் பிறகும் நோய் எண்டு சொல்ல உங்களுக்கு என்ர பேர்தானே வாயில வந்தது."

இந்த இடத்தில் சொல்லவேண்டியது ஒன்று இருந்தது. புளோறன்ஸுக்கு அது தெரியாமலில்லை. மன்னிப்புக் கேட்கும் சின்னச் சொல், பூசைக்குப் பூசை நெஞ்சில் தட்டிச் சொல்லிப் பழகிய சொல்தான். வாயைத் திறந்தாள். அதே நேரம் முடுக்குப் பக்கம் ஒரு மோட்டார்சைக்கிள் வந்து நின்று அணைந்தது. றொஹானுடையது போலவும் இருந்தது.

"றொஹானிட்டச் சொல்லப்போறியா?" என்று வந்தது வாயில்.

கேட்டபிறகு அவளுக்கே அது காதில் விழுந்தது.

டிலக்ஷி ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி, மற்றக் கையை வயிற்றில் வைத்து, மெல்ல எழும்பினாள். வேப்பிலைக் கட்டை மேசையிலிருந்து எடுத்தாள். முன்னறையில் றொஹான் கதவுத் தாழ்ப்பாளைப் போடும் ஓசை கேட்டது. கதிரையில் இருந்த மாமியின் முழங்காலில் தன் உடுப்புப் படாமல் ஒதுங்கி நடந்து, அறையை விட்டு வெளியே போனாள்.