வரைபடம் வாங்காத டெல்மர்

என் தம்பி டெல்மருக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. தேவாலயத்தில்கூடக் கால் ஆடிக்கொண்டே இருக்கும். மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன். பனி விழுந்தால் எங்கள் மிச்சிகனில் எது சாலை, எது பள்ளம் என்று தெரியாது. வீட்டு வாசல்களில் நிற்கும் தபால் பெட்டிகளை அடையாளம் வைத்துக்கொண்டு நேராகத் தள்ளிக்கொண்டே போவான். ஓய்வு பெற்ற பிறகும் காரை எடுத்துக்கொண்டு சும்மாவாவது ஒரு சுற்று போய்வந்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும்.

இந்தக் கோடையில் அப்படிப் போனவன் வழி தெரியாமல் எங்கேயோ நின்றுவிட்டான். பக்கத்து ஊர் போலீஸ்காரர் கொண்டுவந்து விட்டார். கொஞ்ச நாளில் மறுபடியும் அதே கதை. அவன் மகள் ஜோலீன் பயந்துபோய் எனக்கு போன் செய்தாள்.

"அத்தை, பண்ணைக்குப் போற அன்னைக்குக் கார் சாவியைக் கேட்டு வாங்கிடலாம்னு இருக்கேன். நீங்க பக்கத்துல இருந்தா அப்பா கத்த மாட்டார்."

"கத்தாம இருக்க அவன் என்ன ஊமையா?" என்றேன். ஆனாலும் போனேன்.

இலை சிவக்கும் காலத்தில் ஆப்பிள் பறிக்கக் குடும்பத்தோடு பண்ணைக்குப் போவது எங்கள் ஊரில் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். ஜோலீனும் அவள் கணவன் கர்ட்டும் மகளோடு முன்னால் ஒரு காரில் போனார்கள். அவர்கள் பின்னாலேயே டெல்மர் என்னை ஏற்றிக்கொண்டு ஓட்டினான். நன்றாகத்தான் ஓட்டினான். பெண் வீணாகப் பதறுகிறாள் என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது.

பண்ணையில் அவன் யாரையும் நிற்க விடவில்லை. ஆப்பிள் பறிக்க ஆரம்பித்ததும் வைக்கோல் வண்டிச் சவாரிக்கு இழுத்தான். வண்டி நின்றதும் பரங்கித் தோட்டத்துக்கு விரட்டினான். பேத்தி ஒவ்வொரு காயாகப் புரட்டிப் பார்த்தாள்.

"காய்தானே வாங்குற, வீடா வாங்குற? சீக்கிரம் எடு!"

"டேய், உனக்கு என்ன ரயிலா போகுது?" என்று நான் சத்தம் போட்டேன்.

ஜோலீன் பேச வாயெடுக்கும்போதெல்லாம் அவன் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிட்டான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது, கள்ளன்.

கடைசியாக மக்காச்சோளக் காட்டுப் புதிர்வழி. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த சோளத்துக்குள் வளைந்து வளைந்து பாதை வெட்டியிருப்பார்கள். வாசலில் வரைபடமும் நீளக் கம்பில் ஒரு கொடியும் தருவார்கள். வழி தெரியாவிட்டால் கொடியைத் தூக்கிக் காட்டினால் ஆள் வந்து அழைத்துப் போவார். டெல்மர் எந்த வருஷமும் இரண்டையும் தொட்டதில்லை.

அங்கேதான் ஜோலீன் போட்டு உடைத்தாள். "அப்பா, திரும்பிப் போறப்ப உங்க காரை நான் ஓட்டுறேன். இனிமே நீங்க ஓட்ட வேண்டாம்."

அவன் முகம் சிவந்தது. "முதல்ல இதுல என்னை ஜெயிச்சுக் காட்டு. சாவி தரேன். வரைபடமும் கொடியும் நீயே வச்சுக்கோ." சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனான்.

எனக்கு முட்டி வலி. வெளியே வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தேன். ஜோலீன் முதலில் வந்தாள். ஜெயித்த முகமாகவே இல்லை. பிறகு கர்ட் குழந்தையோடு வந்தான். அவர்களுக்குப் பின்னால் உள்ளே போனவர்களும் வந்துவிட்டார்கள். டெல்மர் மட்டும் வரவில்லை. ஜோலீன் வாசலுக்கும் எனக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். பண்ணை ஆட்கள் உள்ளே போய்ப் பேர் சொல்லிக் கத்தினார்கள்.

ஒரு பண்ணைக்காரர் கோபமாக வந்தார். "சோளத்தை ஒடிக்கக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்கோம். பின்பக்கம் யாரோ நேரா ஒடிச்சுத் தள்ளிக்கிட்டே போயிருக்காங்க!"

யாரோ என்ன யாரோ. வளைவு புரியாமல் பனியைத் தள்ளுவதுபோல நேராகவே போயிருக்கிறான் என் தம்பி. போய்ப் பார்த்தால் அந்தத் தடம் கார்கள் நிறுத்தும் இடத்தில் முடிந்தது. அவன் கார் அங்கே இல்லை.

அப்போது பண்ணை வாசலில் வரிசையாக ஹாரன் சத்தம் கேட்டது. ஜோலீன் ஓடினாள். நானும் நொண்டிக்கொண்டே போனேன். சாலையில் ஏறும் இடத்தில், பின்னால் வந்த கார்களை மறித்துக்கொண்டு டெல்மரின் கார் நின்றிருந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இடது பக்க விளக்கு மின்னி அணைந்தது, பிறகு வலது பக்க விளக்கு மின்னியது. அவன் சட்டையெல்லாம் சோளத் தோகை. குளிர்காலம் தவறாமல் அவன் பனி தள்ளிய சாலை அது. புதிதாய்ப் பார்ப்பவன்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்ப்பா நிக்கிறீங்க?"

"வண்டிங்க போகட்டும்னு நிக்கிறேன்."

சாலை காலியாக இருந்தது.

அவனே கதவைத் திறந்து இறங்கிச் சுற்றி வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். "நீ ஓட்டு. வழி நான் சொல்றேன்."

நான் பின்னால் ஏறினேன். ஜோலீன் அந்தச் சாலையிலேயே வளர்ந்தவள். கண்ணைக் கட்டிவிட்டாலும் வீடு போய்ச் சேருவாள்.

"எந்தப் பக்கம்ப்பா?" என்று கேட்டாள்.

டெல்மர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். மடியில் இருந்த கையை அசைக்காமல் ஒற்றை விரலை மட்டும் வலது பக்கம் நீட்டினேன்.

"வலது பக்கம். இதுகூடத் தெரியாதா?" என்று மகளை அதட்டினான்.

"சரிப்பா" என்று திருப்பினாள். கண்ணாடியில் அவள் கண் என் விரல்மேல்தான் இருந்தது. வீடு வரும் வரை ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் அப்பாவிடம் வழி கேட்டுக்கொண்டே வந்தாள்.