மூச்சக்கா எண்ணிய கரும்புள்ளிகள்

இருபத்தாறு வருஷமாக நான் சலூன்காரன். அடுத்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு "ஆடாதீங்க" என்று அதட்டியே பிழைத்தவன். என்னையே ஒருவர் அப்படி அதட்டி, நானும் வாயை மூடிக்கொண்டு கிடந்தேன் என்றால் அது மூச்சக்காவிடம் மட்டும்தான்.

மூச்சக்கா என்பது நான் வைத்த பெயர். பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மைக்கில், "மூச்சை நல்லா இழுங்க... அப்படியே நிறுத்துங்க... ஆடாதீங்க... ம், விடுங்க" என்பார். ஈரலைப் படம் எடுக்கும்போது மூச்சு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் படம் கலங்கிவிடும். நம்மோடு சேர்ந்து அவரும் மூச்சை நிறுத்துவார். "எனக்கு முட்டுச்சுன்னா உங்களுக்கும் முட்டும்ல தம்பி, அதான் என் கணக்கு" என்பார். அதனால் "விடுங்க" என்றதற்குப் பின்னால் அவர் மூச்சு விடும் சத்தமும் புஸ்ஸென்று கேட்கும்.

அந்த எந்திரமே ஒரு பெரிய காந்தம் என்பதால் அவர் உடம்பில் குண்டூசி அளவு இரும்பு இருக்காது. கடிகாரம் கிடையாது, சட்டைக்குப் பிளாஸ்டிக் பொத்தான். காந்த அறையில் வேலை பார்த்துப் பார்த்து, கல்யாண வீட்டில் எதிரே வருகிறவரிடம்கூட "பாக்கெட்ல சாவி இருக்கா?" என்று கேட்டுவிடுவாராம். அவருடைய தங்கை சொல்லிச் சிரிப்பார். அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள். மூச்சக்கா எக்ஸ்ரே இருட்டறையில் பிலிம் கழுவும் வேலையில் சேர்ந்து, படிப்படியாக அந்தக் கண்ணாடி அறைக்கு வந்தவர்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும். பதினாலு வயசிலிருந்தே எனக்குச் சர்க்கரை, தினம் நாலு இன்சுலின் ஊசி. ஊசியின் வேகத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கினால் மற்றவர்களுக்கு வேர்க்கும், கை நடுங்கும். எனக்கு ஒரு அறிகுறியும் வராது. நின்ற இடத்தில் சாய்ந்துவிடுவேன். ஒருநாள் சவரக் கத்தியோடு சாய்ந்தேன். நாற்காலியில் இருந்தவர் கழுத்து தப்பியது அவர் செய்த புண்ணியம். அன்றைக்கே என் மச்சான் கத்தியைப் பிடுங்கி மேஜையில் வைத்துப் பூட்டினான். கடையில் அவனும் பங்காளி.

"உங்களுக்குக் கத்திரி போதும் மாமா" என்றான்.

கத்தி பிடிக்காத சலூன்காரன் பாதி ஆள். யாராவது ஷேவிங் என்று உட்கார்ந்தால் நான் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொள்வேன். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் புதுச் சிகிச்சை ஒன்றைச் சோதித்துப் பார்த்தார்கள். இறந்துபோன ஒருவரின் கணையத்திலிருந்து, இன்சுலின் சுரக்கும் செல்களைப் பிரித்தெடுத்து என் ஈரலுக்குள் ஊசி வழியாக விட்டார்கள். விடுவதற்கு முன்னால் அந்தச் செல்களுக்கு இரும்புத் துகளை ஊட்டினார்கள். அப்படிச் செய்தால் ஸ்கேனில் கரும்புள்ளியாகத் தெரியுமாம். புள்ளிகளை மாதாமாதம் எண்ணுவது மூச்சக்காவின் வேலை. எத்தனை என்று நோயாளியிடம் சொல்லக்கூடாது, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நான் விடுவேனா? எந்திரத்திலிருந்து இறங்கியதும் "எத்தனைக்கா?" என்பேன். "டாக்டரைக் கேளுங்க" என்பார். மூன்று மாதம் இப்படியே போனது. ஊசி ஒன்றாகக் குறைந்தது, மயக்கமே வரவில்லை. நாலாம் மாதம் நான் கேட்ட குரல் எப்படி இருந்ததோ தெரியவில்லை, அவருக்கு மனசு இளகிவிட்டது.

"எல்லாம் அப்படியே இருக்கு தம்பி. ஒண்ணுகூடக் குறையல" என்றார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் டாக்டரைப் பார்த்திருக்க வேண்டும், போகவில்லை. இருந்த ஒரு ஊசியையும் நானே நிறுத்தினேன். மச்சானிடம் சண்டை போட்டுக் கத்தியை வாங்கினேன். இரண்டு நாளில் ஒன்பது பேருக்குச் சவரம். மூன்றாம் நாள் வாந்தி எடுத்துக் கடையிலேயே விழுந்தேன். இந்த முறை சர்க்கரை கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது.

செல்கள் அந்த நாலாம் மாதத்திலேயே செத்துவிட்டன. அவை தின்ற இரும்பு மட்டும் ஈரலை விட்டுப் போகாமல் தங்கிவிட்டது. புள்ளி இருந்தது, உயிர் இல்லை. இப்படி நடக்கும் என்று டாக்டருக்குத் தெரியும். அதனால்தான் அவர் ரத்தத்தையும் சோதித்துவிட்டுப் பேசுவார்.

வார்டுக்கு மூச்சக்கா வந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"நான்தான் சொன்னேன் தம்பி. சொல்லியிருக்கக் கூடாது. நான் எண்ணினது இரும்பை. உயிருன்னு நெனச்சுட்டேன்."

"போங்கக்கா, மொகத்துலயே முழிக்காதீங்க" என்று கத்தினேன். என் மனைவி என் வாயைப் பொத்தினாள். மூச்சக்கா திரும்பிப் போனார். அவர் தன் தவறைத் தானே டாக்டரிடம் சொல்லி, எழுதியும் கொடுத்திருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நான் கத்திய அந்த வார்த்தையைத் திருப்பி எடுக்க முடிந்தால் எடுத்துவிடுவேன்.

ஒன்றரை வருஷம் கழித்து மறுபடியும் செல் வைத்தார்கள். இந்த முறை, உயிருள்ள செல் மட்டும் பிடித்துக்கொள்ளும் மருந்து ஒன்றை ஏற்றி, வேறொரு எந்திரத்தில் பார்த்தார்கள். உயிர் இருந்தால் ஒளிரும், செத்ததென்றால் இருட்டு. ஒளி ஈரலில் எங்கே என்று பார்க்க மூச்சக்காவின் எந்திரத்திலும் படுக்க வேண்டும். நான் எத்தனை என்று கேட்கவில்லை. அவரும் வாய் திறக்கவில்லை. இழுங்க, நிறுத்துங்க, விடுங்க, அவ்வளவுதான்.

ஆறாம் மாதம் டாக்டரே சொன்னார், ஒளிர்கிறது என்று. நான் நேராகக் கீழ்த்தளத்துக்கு ஓடினேன்.

"அக்கா, இப்ப நீங்களும் சொல்லலாம்."

"எனக்கு என்ன தெரியும்? நான் பட்டன் அமுக்குறவ" என்றார். கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான்.

மறுபடி பூட்டி வைத்திருந்த கத்தியை மச்சான் வெளியே எடுத்தான். "மொதல்ல என் கழுத்து மாமா, அப்புறம் ஊரான் கழுத்து" என்று அவனே நாற்காலியில் உட்கார்ந்தான். கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டான்.

மூச்சக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். போன வருஷம் இறந்தும் போனார். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தங்கைதான் வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

இந்த வருஷம் ஸ்கேனுக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் புது ஆள். படுத்தேன், எந்திரம் உள்ளே இழுத்தது.

"மூச்சை நல்லா இழுங்க..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூச்சக்கா. புது எந்திரத்தில் குரலைப் பதிவு செய்து வைக்கலாமாம், போகும்போது அவர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நிறுத்துங்க என்றார், ஆடாதீங்க என்றார், விடுங்க என்றார். அதற்குப் பின்னால் புஸ்ஸென்று அவர் விட்ட மூச்சும் கேட்டது.

தடம் இருப்பதால் ஆள் இருப்பதாகிவிடாது என்று அவரால்தான் கற்றேன். புத்திக்குத் தெரிகிறது, நெஞ்சு கேட்டால்தானே? குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

"சார், ஆடிட்டீங்க. படம் கலங்கிருச்சு, மறுபடி எடுக்கணும்" என்றார் புது ஆள்.

"எடுங்க சார்" என்றேன். "எத்தனை தடவை வேணாலும் எடுங்க."

"மூச்சை நல்லா இழுங்க" என்றார் மூச்சக்கா. இழுத்தேன்.