வைப்பர் மோட்டாருக்கு ஐந்து நாள்

நாமகிரிப்பேட்டைப் பக்கம் எங்கள் வீட்டில் அப்பா இருந்த நாட்களைவிட, போர்வெல் ரிக் வண்டியில் இருந்த நாட்களே அதிகம். பொங்கல் முடிந்து கிளம்பினால் வடக்கே எங்கெங்கோ துளை போட்டுவிட்டு, மழை பிடித்த பிறகுதான் திரும்புவார். வண்டியின் ஒயரிங் வேலை முழுக்க அவர் கையில். சாயங்காலம் அம்மாவின் போனுக்குக் கூப்பிடுவார். "சாப்ட்டியா சாமி? படிச்சியா? சரி, அம்மாகிட்டக் குடு." என் பங்கு அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் அந்தக் குரல் வேண்டும்போல் இருக்கும். கேட்கத் தெரியாமல் போனைக் கொடுத்துவிட்டு நிற்பேன்.

ஏழாம் வகுப்பில் பள்ளிக்கு ரோபோ கிட் வந்தது. நான் செய்தது கோழிக்குத் தீனி தள்ளும் இயந்திரம். அம்மா பண்ணையில் முட்டை பொறுக்கப் போவதால் எனக்குத் தெரிந்த உலகம் அதுதான். ஒரு கை சுழன்று மக்காச்சோளத் தீனியைத் தகரத் தொட்டியில் தள்ள வேண்டும். கிட்டில் இருந்த மஞ்சள் மோட்டார் ஒரு படி தீனிக்கே முக்கி முனகிப் புகைந்துவிட்டது. கண்காட்சிக்கு ஆறு நாள்தான் இருந்தது. ஓடவில்லையென்றால் பட்டியலில் என் பெயர் இருக்காது என்றார் டீச்சர்.

பரணில் அப்பா போட்டு வைத்திருந்த மினி லாரி வைப்பர் மோட்டார் நினைவுக்கு வந்தது. டீச்சர் தன் பங்குக்கு ஒரு டிரைவர் போர்டு கொடுத்தார். கிட்டில் இருந்த கன்ட்ரோலர் உத்தரவு போடும். பைக் பேட்டரியிலிருந்து கரண்டை எடுத்து மோட்டாருக்கு விடுவது இந்தப் போர்டு. ஆனால் லாரி மோட்டாரை இதில் எப்படி இணைப்பது என்பது அவருக்கும் தெரியவில்லை.

அன்றைக்குப் போனை அம்மாவிடம் கொடுக்காமல் அப்பாவைக் கேட்டேன்.

"போர்டுலருந்து ஒரு ஒயரு போதும் சாமி. மிச்சம் பாடில போயிக்கும்."

அப்படியே ஒயர் கொடுத்தேன். மோட்டார் அசையவே இல்லை. மறுநாள் சொன்னபோது, "எதுமேல முடுக்கியிருக்கற?" என்றார். பலகைமேல் என்றேன். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. லாரியில் இரும்பு பாடியே இன்னொரு ஒயராம். என் இயந்திரத்துக்கோ பாடியே கிடையாது. மோட்டாரின் இரும்புக் கூட்டிலிருந்து பேட்டரி மைனசுக்கு ஒரு ஒயர் இழுக்கச் சொன்னார்.

இழுத்தேன். மோட்டார் இப்போது கன்ட்ரோலர் சொன்னதைக் கேட்காமல், நினைத்தபோது வெட்டி வெட்டி இழுத்தது. மூன்றாம் நாள், கூட்டில் பெயிண்ட் இருக்கும், உப்புத்தாள் போட்டுத் தேய் என்றார். "சத்தத்தக் காட்டு" என்றார். போனை மோட்டார் பக்கத்தில் பிடித்தேன். "மிச்சத்த நாளைக்குப் பாக்கலாம்." நான்காம் நாள் போல்ட்டுகளை இறுக்கச் சொன்னார். ஒவ்வொரு ஒயரும் என்ன கலர் என்று கேட்டார். நடுவில், மதியம் யார் கூட உட்கார்ந்து சாப்பிடுகிறேன், சைக்கிளில் கால் எட்டுகிறதா என்றெல்லாம் கேட்டார். எனக்கு வந்ததே எரிச்சல்.

"உங்களுக்குத் தெரியுங்களா, தெரியாதுங்களாப்பா?"

"தெரியும் சாமி. நாளைக்கு."

தெரியாமல்தான் இழுத்தடிக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஐந்தாம் நாள் சொன்னார்: "கன்ட்ரோலரு மைனசையும் பேட்டரி மைனசோட சேத்துடு. ரெண்டுக்கும் எர்த்து ஒண்ணா இருந்தாத்தான் இது சொல்றது அதுக்குக் கேக்கும்."

ஒரே ஒரு ஒயர். கை சுழன்று தீனியைத் தள்ளியது. போனைக் கட்டிலில் வீசிவிட்டு, கத்திக்கொண்டே அம்மாவிடம் ஓடினேன். திரும்பி வந்தபோதும் அவர் லைனில்தான் இருந்தார்.

இப்போது நான் பிள்ளைகளுக்கு இதே வேலையைத்தான் சொல்லித் தருகிறேன். கூட்டுக்கு ஒயர், உப்புத்தாள், போல்ட், கடைசியாக மைனஸ் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். அரை நிமிடம்கூட ஆகாது.

கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. அடுத்த நாள் சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். சாப்பிட்டாயா, படித்தாயா எல்லாம் முடிந்தபிறகு கேட்டார்:

"வேற மோட்டாரு ஏதாச்சும் ஓடாமக் கெடக்குதா சாமி?"

"இல்லீங்கப்பா, எல்லாம் நல்லா ஓடுது" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, அவர் கேட்பதற்கு முன்பே போனை அம்மாவிடம் கொடுத்தேன்.