ராயப்பன் அண்ணன் சொன்ன லாட்வியா

ராயப்பன் அண்ணன் போய்விட்டார். நேற்று காலை, தன்லியினில் அவர் வீட்டில்... ஹார்ட்.

துறைமுகத்தை ஒட்டிய போட்டாதாங்கில் எங்கள் ஷிப்பிங் ஆபீசில் ஐந்து வருடம் எனக்குப் பக்கத்து மேஜை. அதற்கு முன் கப்பலில் இருந்தவர். கால் முறிந்து லாட்வியாவில் இறக்கிவிடப்பட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து, பிறகு ரீகா நகரத்தில் ஒரு வீட்டாரோடு வசந்தகாலம் முழுக்கத் தங்கியிருந்தாராம்.

லாட்வியா எங்கே இருக்கிறது என்று ஆபீசில் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும்தான்.

ஒரு ஏப்ரலில், சாப்பாட்டுக்குப் பிறகு மேஜையில் தலை வைத்துத் தூங்கிவிட்டேன். முதுகில் சுளீர். திரும்பினால் அண்ணன், கையில் நாவல் மரக் கொப்பு!

"கோவிச்சுக்காத தங்கச்சி. அந்த ஊர்ல குருத்தோலை ஞாயிறு அன்னிக்குத் தூங்குறவங்கள கொப்பால தட்டி எழுப்புவாங்க. வருசம் பூரா நோய் அண்டாதாம்."

"நோய் அண்டாது, சரி. இனிமே நீங்களும் என் பக்கம் அண்டாதீங்க, போங்க!"

ஈஸ்டருக்கு இன்னொன்று. அங்கே எல்லோரும் ஊஞ்சல் ஆடுவார்களாம், ஆடினால் கோடையில் கொசு கடிக்காதாம். கால் கட்டோடு இவரையும் தூக்கி உட்காரவைத்தார்களாம்.

"அப்ப ஏண்ணே இங்க கொசு உங்களத்தான் முதல்ல தேடி வருது?" என்று கேட்டேன். ஆபீசே சிரித்தது. அண்ணனும் சிரித்தார்.

ஒரு வருடம் மே நாலாம் தேதி, பேக்கிங் மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த மோஹிங்கா நூடுல்ஸை, மீன் குழம்பு ஊற்றி, எல்லோருக்கும் பரிமாறினார். அந்த நாட்டுக்குச் சுதந்திரம் திரும்பக் கிடைத்த நாளாம். வெள்ளை விரிப்புப் போட்டு, அக்கம்பக்கத்தவரைக் கூப்பிட்டுச் சேர்ந்து சாப்பிடுவார்களாம்.

"அண்ணே, கயிறு திரிக்கிறதுக்கும் ஒரு அளவு வேணாமா?" என்றேன். அதுவும் இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு.

அதிலிருந்து அவருக்கு ஆபீசில் "லாட்வியா" என்றே பெயர். அடுத்த மே மாதம் துணி வரவில்லை. கதையும் வரவில்லை.

போன மாதம் மிங்கலாடோன் பஸ்ஸில் ட்ராஃபிக்கில் மாட்டி, சும்மா போனில் தேடினேன். சத்தியமாக, அவர் புளுகைப் பிடிக்கத்தான் தேடினேன்.

எல்லாம் இருந்தது. கொப்பு, ஊஞ்சல், கொசு... தெருவில் வரிசையாக வெள்ளை விரிப்புப் போட்ட மேஜைகள்.

அந்தக் கொப்பில் இலையே இல்லை, பஞ்சு மாதிரி மொட்டுகள். அது என்ன மரம்? அடித்தால் வலிக்குமா? இவரை யார் அடித்தார்கள்? கேட்க அவ்வளவு இருந்தது. இறங்க வேண்டிய ஸ்டாப்பையே விட்டுவிட்டேன்.

அண்ணன் அப்போது உடம்பு முடியாமல் லீவில் இருந்தார். வேலைக்கு வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். போன் பண்ணியிருக்கலாம்... தோற்றதை ஒத்துக்கொள்ள விடாத ஒரு வீம்பு.

இன்று அவர் மனைவி மேரி அக்காவிடம் அந்தப் படங்களைக் காட்டினேன். அக்கா ரொம்ப நேரம் பார்த்தார்.

"படுக்கையில கிடந்தப்ப கேட்டாரும்மா... 'மேரி, அந்த ஊஞ்சல், வெள்ளைத் துணியெல்லாம் நான் நெசமா பாத்தனா, இல்ல ஆஸ்பத்திரியில காச்சல்ல கண்ட கனவா? எல்லாரும் சிரிக்கிறாங்களே'ன்னு. எனக்கு என்ன தெரியும்? போர்வைய இழுத்துப் போத்திவிட்டேன்."

அக்கா முன்னால் அழக்கூடாது என்று நினைத்தேன். முடியவில்லை.

நிஜம்தான் அண்ணே. எல்லாமே நிஜம்.

போய் வாருங்கள்.