தலைக்கட்டில் சேராத பன்னிரண்டு வீடுகள்

பாக்கியமேரி அத்தை சவேரியார்மேட்டை விட்டுப் போனது 2019 அக்டோபர் 29, செவ்வாய்க்கிழமை. நடந்து போகவில்லை. நான்கு பேர் அவரை நைலான் கட்டிலில் கிடத்தி, இடுப்பளவு தண்ணீரில் ஓடையைக் கடந்து, அக்கரையில் நின்ற ஆட்டோவில் ஏற்றினார்கள். அன்று காலை தலையில் நண்டுக்கூடையோடு அதே ஓடையில் வழுக்கி விழுந்து வலது கால் உடைந்திருந்தது.

ஊருக்குத் தெற்கே வெள்ளாறு, மேற்கே இறால் பண்ணைகள், கிழக்கே ஓடை. வடக்கே ஒரு மண்பாதை உண்டு. அதில் சுற்றிப் போனால் பரங்கிப்பேட்டை ஏழு கிலோமீட்டர். ஓடையில் இறங்கினால் இரண்டு. கணவர் இறந்த பின் பதினோரு வருடம் அத்தை ஓடையில்தான் இறங்கினார். சந்தைக்கு நேரத்தோடு போகாவிட்டால் நண்டு செத்துவிடும்.

அத்தை விழுவதற்கு இரண்டு வருடம் முன்பு, ஓடைக்கு நடைபாலம் போடலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். ஐம்பது வீடு இருந்தால் பாலம். கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாட்டாமை லூர்துநாதனிடம் கேட்டார்.

"மொத்தம் எத்தன வீடுங்க?"

"நாப்பத்தோரு தலைக்கட்டு சார்."

அதிகாரி எழுதிக்கொண்டார். எங்கள் ஊரில் ஆம்பளை உள்ள குடும்பம்தான் தலைக்கட்டு. திருவிழா வரி அதற்குத்தான், ஓடை இறால் ஏலத்தில் பங்கும் அதற்குத்தான். கடலும் சாராயமும் சர்க்கரை நோயும் ஆண்களைக் கொண்டுபோன வீடுகள் பன்னிரண்டு. அத்தையின் வீடு அதில் ஒன்று.

அத்தை கூட்டத்துக்கு நடுவே வந்து நின்றார். "சார், எங்க வீட்டையும் எழுதுங்க. பன்னெண்டு இருக்குது. சேத்தா அம்பத்திமூணு."

"அது தலைக்கட்டுல சேராது சார்," என்றார் லூர்துநாதன்.

நாட்டாமைக்குப் பின்னால் நின்ற பக்கிரி குரல் கொடுத்தார். "தல போயி ஒம்போது வருசமாவுது, கட்டு மட்டும் கேக்குறியா பாக்கியம்?"

எல்லோரும் சிரித்தார்கள். பெண்களும்தான்.

"ஓடையத் தாண்டுறப்ப என் தலதான் மாமா கூடைய சொமக்குது. உம் பொண்டாட்டி தலையும்தான்."

சிரிப்பு நின்றது. அதிகாரி பேனாவை மூடவில்லை. நாட்டாமையின் முகத்தைப் பார்த்தார். லூர்துநாதன் திரும்பி பக்கிரியிடம் முணுமுணுத்தது அத்தைக்கும் கேட்டது: "இன்னிக்கி வீடுன்னு எழுதுனா நாளைக்கி ஏலத்துல பங்கு கேப்பாளுங்க."

"பெரியவங்க சொல்றதத்தாம்மா நான் எழுத முடியும்," என்று அதிகாரி கிளம்பினார். பாலம் வேறு ஊருக்குப் போனது. பக்கிரியின் மனைவி இன்றும் ஓடையில்தான் இறங்குகிறாள்.

ஆறு வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டு நான் வந்தபோது, அத்தை வீட்டின் கூரை உள்ளே விழுந்து, நடுவீட்டில் வேலிக்கருவை முளைத்திருந்தது. அவரைச் சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறையில் கண்டுபிடித்தேன். மாணவர் விடுதி ஒன்றில், முக்காலியில் உட்கார்ந்தபடி பாத்திரம் கழுவுகிறார். கால் கோணலாகக் கூடிவிட்டது.

"இங்க கணக்கு எடுக்க வந்தாங்க பிரியா," என்றார். "குடும்பத் தலைவர் யாருன்னு கேட்டாங்க. நான்தான்னேன். மறுபேச்சு இல்லாம எழுதினு போயிட்டாங்க." அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

போன வாரம் என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் சகாய ஆனந்த், லூர்துநாதனின் மகன், இப்போதைய நாட்டாமை.

"பிரியா, பாலம் திரும்ப வருது. பசங்க குடும்பத்தோட வெளியூர் போயிட்டதால தலைக்கட்டு முப்பத்தெட்டுதான். பொம்பளைங்க வீடு பன்னெண்டையும் சேத்தா கரெக்டா அம்பது. அத்தை வீடு விழுந்தது பரவால்ல, தார்ப்பாய் கட்டி காட்டிக்கலாம். செவ்வாக்கெழம ஆபீசர் வர்றாரு, அத்தைய கூட்டினு வந்துடு. ஓடையில தண்ணி ஜாஸ்தி. சுத்திக்கினு வாங்க."