அம்மாவுக்காக வாங்கிய படகு

அந்தப் படகு எங்கள் வீட்டுக்கு வரும்வரை அப்பாவுக்குக் கடலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதில் மீன் இருக்கும் என்பது மட்டும்தான். அவர் சுன்னாகத்துக்காரர். வெங்காயமும் புகையிலையும் விளையும் செம்மண் ஊரில் வளர்ந்தவர். ஓக்லாந்தில் வீடு வீடாகப் போய், குளிருக்குச் சூடு தரும் ஹீட் பம்ப் பூட்டுவது அவருக்கு வேலை. அதற்காக ஒரு வெள்ளை யூட் வைத்திருந்தார். முன்னால் ஆட்கள் ஏறலாம், பின்னால் திறந்த பெட்டியில் சாமான் ஏற்றலாம். இந்த நாட்டில் கைவேலை தெரிந்தவர்களில் பாதிப் பேர் யூட்டில் திரிவார்கள், மீதிப் பேர் யூட் வாங்க வேண்டும் என்று கதைத்துக்கொண்டே திரிவார்கள்.

அம்மா மன்னார். அவருடைய ஆட்கள் கடற்தொழில் செய்தவர்கள். சண்டைக் காலத்தில் சின்னப் பிள்ளையாகப் போட் ஏறி இந்தியாவுக்குப் போய், அங்கே முகாமில் வளர்ந்து, பிறகு அப்பாவைக் கட்டி இங்கே வந்தவர். இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியும். எட்டு வயதில் எனக்கு ஒன்றும் தெரியாது. அம்மா கடலைப் பற்றி வாயே திறப்பதில்லை. அது ஏக்கம் என்று அப்பா தானாகவே முடிவுகட்டிவிட்டார். ஓக்லாந்தின் தெற்கே தகனினியில் எங்கள் வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்தால் பக்கத்து வீட்டு வேலியும் அதற்கப்பால் மோட்டர்வேயும்தான் தெரியும். கடற்கரையில் பிறந்த ஒருத்தியை இங்கே கொண்டுவந்து அடைத்துவிட்டோம் என்ற குற்ற உணர்ச்சி அவருக்கு உள்ளுக்குள் இருந்திருக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை, யாரோ பாவித்த சின்ன அலுமினியப் படகு ஒன்று ட்ரெயிலரோடு எங்கள் வாசலில் வந்து நின்றது. விற்றவரே இழுத்துக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனார், ஏனென்றால் அப்பாவின் யூட்டில் படகை இழுக்க எந்த வசதியும் இல்லை. அப்பாவுக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை.

அம்மா புட்டுக்குக் குழைத்த மாக்கையோடு வெளியே வந்தார். படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

“உமக்குத்தான்,” என்றார் அப்பா. “எப்பிடி?”

அம்மா விரலில் ஒட்டிய மாவை உதிர்த்தார். “நல்ல போட்,” என்றார். பிறகு, புட்டு அவிக்க வேண்டும் என்று உள்ளே போய்விட்டார். சந்தோஷத்தில் வாயடைத்துப் போனதாக அப்பா எனக்கும் தம்பிக்கும் விளக்கம் சொன்னார்.

அந்தக் கோடையின் பெரும்பகுதி யூட்டைத் தயார்படுத்துவதிலேயே போயிற்று. முதலில் டோ பார், ட்ரெயிலரைக் கொளுவும் இரும்புச் சட்டம். பழைய வாகனங்களை உடைத்து விற்கும் இடத்தில் ஒன்று வாங்கிவந்து, யூட்டுக்கு அடியில் முதுகில் கிடந்தபடி முறுக்கினார். அதன் நுனியில் ஒரு இரும்பு உருண்டை இருக்கும், ட்ரெயிலரின் தலை அதன்மேல் தொப்பி மாதிரி உட்கார வேண்டும். உருண்டை இரண்டு அளவில் வருமாம், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அப்பா வாங்கிவந்தது மற்ற அளவு. சின்ன உருண்டையில் பெரிய தொப்பியைப் போட்டு ஓடினால் பள்ளத்தில் துள்ளும்போது படகு கழன்று தன்பாட்டில் போய்விடும் என்று யாரோ சொன்னதில் அவருக்கு ஒரு வாரம் சரியான நித்திரை இல்லை. சரியான உருண்டை வந்ததும் அதைத் தம்பியின் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்.

பிறகு ட்ரெயிலர் லைட்டுகளுக்கு மின்கம்பி. யூட்டின் துளைக்கும் ட்ரெயிலரின் பிளக்குக்கும் பொருந்தவில்லை. கம்பிகளை வெட்டி ஒட்டினார். வலப்பக்கம் திரும்ப சிக்னல் போட்டால் ட்ரெயிலரில் பிரேக் லைட் எரிந்தது. அவர் ஆசனத்தில் இருந்து சிக்னல் போட, அம்மா பின்னால் நின்று சொல்லுவார்.

“இப்ப எரியுதோ?”

“ஓம். ஆனா இடது.”

“இப்ப?”

“ஓம், இப்ப வலது.”

இந்த உரையாடல் எங்கள் தெருவுக்கே மனப்பாடம். பக்கத்து வீட்டில் கோயம்புத்தூர் அங்கிள் ஒருவர் இருந்தார், ஐ.டி. வேலை. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணா, கனெக்‌ஷன் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மொத தடவை எடுக்கும்போது டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கணும். யூட்டுக்கு நாலு, ட்ரெயிலருக்கு ரெண்டு. எங்க மரத்துல நெறைய இருக்கு,” என்றார். நாங்கள் வேதக்காரர், மாதாவைக் கும்பிடுகிறவர்கள். அப்பா அதற்கும் ஓம் என்று தலையாட்டினார். யார் எதைச் சொன்னாலும் கேட்கும் நிலையில்தான் அவர் இருந்தார்.

பின்னால் எடுப்பதுதான் பெரும்பாடு. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் வெட்டினால் ட்ரெயிலர் மற்றப் பக்கம் போகும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆட்கள் போனபிறகு தேவாலயத்துக் கார் நிறுத்துமிடத்தில் அப்பா பழகுவார். அம்மா பின்னால் நின்று கை காட்டுவார். அதில் அம்மா கெட்டிக்காரி. படகைக் கட்டியிருந்த கயிறு அப்பாவின் முடிச்சில் தளர்ந்தபோது, அம்மா ஒரு வார்த்தை சொல்லாமல் அவிழ்த்து இழுத்துக் கட்டினார். அந்த முடிச்சை அப்பா அசைத்துப் பார்த்துவிட்டுப் பெருமையோடு சிரித்தார். வெளிக்கிடும் நாளுக்கு முன் அம்மா மடு மாதா கோயிலில் இருந்து வந்த தீர்த்தத்தைப் படகில் தெளித்தார். யூட்டுக்கு ஒரு துளி, படகுக்கு மிச்சம் முழுவதும்.

அந்த நாளும் வந்தது. காலையில் அம்மா லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு குசினிக்குள் நின்று சான்விச் கட்டினார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். “கடல் வர இன்னும் நேரம் கிடக்கு, கழட்டும்,” என்றார் அப்பா. அம்மாவும் சிரித்தார், ஆனால் கழற்றவில்லை. எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு யூட் புறப்பட்டது. கிளெவ்டன் தாண்டிக் கவாகவா குடா வரை அம்மா அந்தச் செம்மஞ்சள் ஜாக்கெட்டோடு நிமிர்ந்தபடியே இருந்தார்.

படகை இறக்கும் சரிவில் எங்களுக்குப் பின்னால் நாலைந்து பேர் தங்கள் படகுகளோடு காத்துநின்றார்கள். அப்பா ஒரே தடவையில், கோடு பிடித்த மாதிரி நேராகப் பின்னால் எடுத்தார். படகின் பின்பக்கம் தண்ணீரில் மெல்ல மிதந்தது. லைட் எல்லாம் சரியாக எரிந்தது. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை. அம்மாவும் இறங்கித் தண்ணீர் ஓரம்வரை வந்துவிட்டார்.

“முதல்ல சின்னவன்,” என்று சொல்லி அப்பா தம்பியைத் தூக்கிப் படகுக்குள் விட்டார்.

“இறக்குங்கோ,” என்றார் அம்மா.

அப்பாவுக்குக் கேட்கவில்லை.

“பிள்ளைய இறக்குங்கோ! இறக்குங்கோ எண்டு சொல்லுறன்!”

அம்மா சப்பாத்தோடு தண்ணீருக்குள் ஓடினார். தம்பியின் ஜாக்கெட் பட்டியைப் பிடித்து இழுத்து, படகின் விளிம்பில் அவன் முழங்கால் உரச, வெளியே எடுத்தார். அவன் வீரிட்டு அழுதான். அம்மா அவனைக் கட்டிப்பிடித்தபடி சரிவின் நடுவிலேயே நின்றார். அப்பா, “என்ன, என்ன நடந்தது? பயமோ உமக்கு?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பின்னால் நின்ற ஒருவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, உதவி வேண்டுமா என்று கேட்டார். நான் யூட்டுக்குள் ஏறி, ஒருவரும் காணாதபடி ஆசனத்தில் சரிந்துகொண்டேன். எங்களைப் பார்த்து அந்தக் கடற்கரை முழுவதும் சிரிப்பதாக எனக்குப் பட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்பா வேறொன்றும் கேட்காமல் படகை ட்ரெயிலரில் ஏற்றினார். வரும் வழியில் ஒரு கடையில் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் வாங்கித் தந்தார். அன்றைக்கு நாங்கள் கண்ட மீன் அதுதான். வீட்டுக்கு வந்து, உப்புத் தண்ணீர் பட்டிராத இடங்களையும் ஹோஸ் பிடித்துக் கழுவினார். கொஞ்ச நாளில் யாரோ ஒருவர் தன் யூட்டில் மாட்டிப் படகைக் கொண்டுபோனார். நான் அழுதேன். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஆல்பனியில் பல்கலைக்கழகம் போகத் தொடங்கிய பிறகு, என்னை விடுவதற்காக அம்மா கார் ஓட்டி வந்த ஒரு நாள், துறைமுகப் பாலத்தின்மேல் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தபோது, தெருவில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

“நாங்கள் வந்த போட்டில என்ர தம்பியும் இருந்தவன். அஞ்சு வயசு. சனம் முண்டியடிக்குது எண்டு நான்தான் அவனை முதல்ல தூக்கி ஏத்தினனான். இறங்கேக்க அவன் இல்லை.”

அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். படகு இறக்கப் போன அன்றைக்கு வீட்டுக்கு வந்தபிறகுதான் சொன்னாராம். முதலே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “அந்த மனுசன் எவ்வளவு ஆசையாப் பூட்டிக்கொண்டிருந்தது. எனக்கு ஏலும் எண்டுதான் நினைச்சனான். நான் ஏறியிருப்பன். பிள்ளையை ஏத்தினதைத்தான் பாக்க ஏலாமல் போச்சு,” என்றார்.

அப்பாவிடம் இதைப் பற்றி ஒரே ஒரு முறை கதைத்திருக்கிறேன். அவர் சொன்னார்: “எரியுதோ, எரியுதோ எண்டு எத்தினை தரம் அவவைக் கேட்டிருப்பன். உமக்குக் கடலுக்குப் போக விருப்பமோ எண்டு ஒருக்காலும் கேக்கேல்லை.” அவர் மேல் எனக்கு அப்போது வந்த இரக்கம் இன்னும் போகவில்லை.

நாங்கள் படகு இறக்கப் போன அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கள், பள்ளிக்கூட வகுப்பில் பாயில் வட்டமாக உட்கார்ந்து, வார இறுதியில் என்ன செய்தோம் என்று ஒவ்வொருவராகச் சொன்னோம். என் முறை வந்ததும் எழுந்து நின்று, எங்களிடம் படகு இருக்கிறது, ஆனால் அம்மா எங்களை ஏறவிடவில்லை என்றேன். ஏன் என்று ஆசிரியை கேட்டார்.

“அம்மா இதற்கு முதல் போட்டில் ஏறியதே இல்லை,” என்றேன்.

பழகினால் சரியாகிவிடும் என்று ஆசிரியை அன்பாகச் சொன்னார். நானும் அப்படித்தான் நினைப்பதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.